கைக்குழந்தையின் மலம் எங்கே போகிறது? குடற்புழுப் பணியில் கற்றவை

கிராமப்புறக் குழந்தைகள் நலப் பணியில் செவிலியராகப் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்றிருக்கிறேன். குடற்புழுத் தொல்லை மிகுந்த பகுதிகளுக்கு நாங்கள் எடுத்துச் செல்லும் படிவத்தில், வீட்டில் கழிப்பறை உண்டா என்ற கேள்வி தவறாமல் இருக்கும். உண்டு என்று சொன்னால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் கழிப்பறை உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் புழுத் தொற்றில் பெரிய வேறுபாடு காணப்படாத ஊர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு, அதனுடன் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினேன். இந்த வீட்டிலேயே மிகச் சிறிய பிள்ளை கடைசியாகப் போன மலத்தை எங்கே கொட்டினீர்கள்?

இந்தக் கேள்விக்கு யாரும் கூச்சப்பட்டுப் பதிலை மறைத்ததில்லை, ஏனென்றால் அதில் மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றவில்லை. மண்வெட்டியால் வாரி வேலியோரம் போட்டோம் என்பார்கள். குப்பைமேட்டில் எறிந்தோம், வாய்க்காலில் விட்டோம், துணியோடு சேர்த்துக் குழாயடியில் அலசிவிட்டோம் என்பார்கள். பெரியவர்கள் எல்லோரும் ஒழுங்காகக் கழிப்பறைக்குப் போகும் வீட்டிலும் இதே பதில்தான் வரும். “பால் குடிக்கிற பிள்ளை, அதில் என்னம்மா அசிங்கம் இருக்கிறது?” என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அவர் கேட்டது தாய்மையின் இயல்பிலிருந்து வந்த கேள்வி, அதைக் குறை சொல்ல முடியாது. தாய்ப்பால் மட்டுமே குடித்து மடியில் கிடக்கும் குழந்தைக்குப் புழுத் தொற்று அரிதுதான். ஆனால் அந்தக் குழந்தை தவழத் தொடங்கி, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் பருவத்துக்கு வந்துவிட்டால், வீட்டில் மண்ணோடு மிக நெருங்கிப் பழகுவது அதுதான். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பள்ளி செல்லும் அண்ணன் அக்காக்களின் மலத்தில் கண்ட அதே முட்டைகளைத்தான் கண்டேன்.

அந்த முட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயைப் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. நாக்குப்பூச்சி என்று மக்கள் சொல்லும் உருண்டைப்புழுவின் முட்டை, கண்ணாடிச் சில்லில் பொன்பழுப்பு நிறத்தில், மேலெல்லாம் சிறு சிறு மேடுகளுடன், தடித்த ஓட்டோடு தெரியும். ஒரு பெண் புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டைகள் வரை இடும். ஆனால் மலத்தோடு வெளியே வரும் அந்த நேரத்தில் அந்த முட்டையால் யாருக்கும் தொற்று வராது. நிழலும் ஈரமும் கதகதப்பும் உள்ள மண்ணில் ஏறத்தாழ 2 முதல் 4 வாரம் கிடந்து, உள்ளே இளம்புழு உருவான பிறகுதான் அது தொற்றும் நிலையை அடைகிறது. அதன் பிறகு மழையையும் குளிரையும் தாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதே மண்ணில் காத்திருக்க அதனால் முடியும். குடிநீரில் கலக்கும் அளவிலான குளோரின் அதை ஒன்றும் செய்வதில்லை. கொதிக்கும் நீரும், நேர்வெயிலில் நன்றாகக் காய்வதும்தான் அதைக் கொல்லும்.

இன்று வேலியோரம் எறியப்பட்ட மலத்தால் இன்றோ நாளையோ எந்தக் கேடும் வருவதில்லை. மலம் மண்ணோடு மண்ணாகி, நாற்றம் போய், அங்கே ஒன்று கிடந்தது என்பதே எல்லோருக்கும் மறந்துபோன அடுத்த மாதத்தில்தான் அந்த இடம் ஆபத்தான இடமாகிறது. அப்போது அங்கே விளையாடும் பிள்ளையின் நகத்துக்குள் முட்டை புகுந்தால், புழு வளர்ந்து முட்டையிட இன்னும் 2 முதல் 3 மாதம் ஆகும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இவ்வளவு நீண்ட இடைவெளி இருக்கும்போது, எந்தத் தாயால் இரண்டையும் இணைத்துப் பார்க்க முடியும்? கெட்டுப்போன உணவை உண்டால் அன்று இரவே வயிற்றுப்போக்கு வருகிறது, அதனால் அந்தப் பாடம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. புழு விஷயத்தில் அனுபவம் பாடம் சொல்லித் தருவதில்லை. மக்கள் அறியாமையில் இருக்கிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

விழுங்கப்பட்ட முட்டை நேரே குடலில் புழுவாகிவிடுவதும் இல்லை. குடலில் பொரிந்த இளம்புழு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போய், மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டு, இரண்டாம் முறையாகக் குடலுக்கு வந்த பிறகே அங்கே தங்கி வளர்கிறது. 1922-இல் ஜப்பானிய மருத்துவர் கொய்னோ ஏறத்தாழ 2,000 முட்டைகளைத் தாமே விழுங்கிப் பார்த்தார். சில நாட்களில் அவருக்கு நிமோனியா போன்ற கடும் நோய் வந்து, சளியில் இளம்புழுக்கள் காணப்பட்டன. புழுத் தொற்று மிகுந்த ஊர்களில், வறட்டு இருமலும் இளைப்புமாக வந்து, மருந்தில்லாமலே சில வாரங்களில் சரியாகிவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. எல்லா இருமலும் புழுவால் வருவதல்ல. ஆனால் அப்படி வந்துபோன பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொண்டு, ஓரிரு மாதங்கள் கழித்து மலப் பரிசோதனை செய்வது பயன் தரும்.

கொக்கிப்புழுவின் வழி வேறு. அதன் முட்டை ஓரிரு நாட்களில் மண்ணிலேயே பொரிந்து, 5 முதல் 10 நாட்களில் தோலைத் துளைக்கும் ஆற்றலுள்ள இளம்புழுவாகிவிடும். கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய ஆய்வாளர் ஆர்தர் லூஸ், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இளம்புழுக்கள் இருந்த நீர் தம் கையில் சிந்தி அரிப்பெடுத்ததைக் கொண்டுதான் இந்த வழியைக் கண்டறிந்தார். பிள்ளைகளின் கால்விரல் இடுக்கில் சிவந்த சிறு கொப்புளங்களோடு அரிப்பு இருந்தால் அதைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடாமல், அந்தப் பிள்ளை எந்த இடத்தில் வெறுங்காலோடு நடக்கிறது, அந்த இடத்தில் யார் மலம் கழிக்கிறார்கள் என்று விசாரிக்கப் பழகினேன். பெரும்பாலும் விடை ஒன்றுதான்: ஒதுங்குவதற்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் அதன் முடிவில் உள்ள மரநிழலும். எல்லோரும் ஒரே நிழலைத் தேடிப் போகிறார்கள், இளம்புழுவுக்கும் அதே நிழல்தான் வேண்டியிருக்கிறது.

கொக்கிப்புழுக்களில் ஒரு வகை நாளொன்றுக்குப் புழுவுக்குச் சுமார் 0.03 மி.லி. இரத்தத்தையும், இன்னொரு வகை 0.15 மி.லி. அல்லது அதற்கும் மேலாகவும் இழக்கச் செய்கிறது. கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றலாம். இரண்டாம் வகைப் புழு நூறு இருந்தால் நாள்தோறும் 15 மி.லி. இரத்தம் போகிறது, அதுவும் போதுமான இரும்புச்சத்து கிடைக்காத ஒரு சிறு உடம்பிலிருந்து. வகுப்பில் எந்நேரமும் மேசைமேல் தலைசாய்த்துக் கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஆசிரியர் அழைப்பதைக் கேட்டிருக்கிறேன். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளைத்தாள் போல வெளுத்திருக்கும். நகங்களும் உள்ளங்கையும் நிறமிழந்திருக்கும். மண், சாம்பல், சுண்ணாம்பு என்று எதையாவது தின்னும் பழக்கம் இருக்கிறதா என்று தாயைத் தனியே கேட்டால் தயங்கித் தயங்கி ஆம் என்பார். அந்தப் பிள்ளைக்குப் பூச்சி மருந்து மட்டும் கொடுத்து அனுப்புவது பாதி வேலை. இழந்த இரத்தத்தை ஈடுகட்ட இரும்புச்சத்து மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். மலம் கறுத்துப் போகும், அது இயல்பானது என்று முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தக் கறுப்பைக் கண்டு பயந்து இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

சாட்டைப்புழு பெருங்குடலில் தன் மெல்லிய முன்பகுதியைச் செருகிக்கொண்டு வாழ்வது. அது அளவு மீறிப் பெருகினால் சளியும் இரத்தமும் கலந்த மலம் போகும். மலவாய் வெளியே தள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. கீரிப்பூச்சிக்கு மட்டும் மண் தேவையே இல்லை. பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிட்டு அரிப்பை உண்டாக்குகிறது, பிள்ளை சொறிகிறது, சில மணி நேரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும் அந்த முட்டை நகத்தின் வழியாக மறுபடி வாய்க்கே போகிறது. அதனால் கீரிப்பூச்சி கழிப்பறை வசதியுள்ள வீடுகளிலும் இருக்கும். இதற்கு மலப் பரிசோதனை பெரும்பாலும் உதவாது. காலையில் எழுந்தவுடன், கால் கழுவும் முன்னரே, ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஆசனவாய் ஓரத்தில் ஒற்றியெடுத்துப் பார்க்க வேண்டும். மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் எடுத்து, 2 வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை எடுப்பதும், அந்த நாட்களில் உள்ளாடையையும் படுக்கைத் துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும்தான் இதற்கு வழி.

இனிப்பு தின்றால் பூச்சி வரும், தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று நம்புவோர் எங்கும் இருக்கிறார்கள். இனிப்பு புழுவை உண்டாக்குவதில்லை, பல் கடிப்பதை வைத்துப் புழுவைக் கண்டறியவும் முடியாது. இந்த நம்பிக்கைகளோடு நான் வாதம் செய்வதில்லை. இனிப்பைக் குறைப்பதால் பல்லுக்கு நல்லதுதான். ஆனால் இனிப்பை நிறுத்தியாயிற்று, இனிப் பூச்சி வராது என்று நிம்மதியடைந்து கை கழுவுவதை விட்டுவிடும்போது மட்டும் அங்கேயே உட்கார்ந்து பொறுமையாக விளக்கியாக வேண்டும்.

மாத்திரையைப் பற்றி மக்களுக்கும் பணியாளர்களுக்கும் இருக்கும் எதிர்பார்ப்பைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது முக்கியம். தொற்று பரவலாக உள்ள பகுதிகளில் 400 மி.கி. அல்பெண்டசோல் அல்லது 500 மி.கி. மெபெண்டசோல் ஒரே வேளையாகக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு அல்பெண்டசோலில் பாதி, அதாவது 200 மி.கி. குழந்தைகளிடையே தொற்று 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையும், 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இருமுறையும் கொடுக்கப்படுகிறது. ஒரே வேளையாகக் கொடுக்கும் அல்பெண்டசோல் உருண்டைப்புழுவைப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீக்கிவிடும், கொக்கிப்புழுவைப் பத்தில் எட்டுப் பேருக்கு நீக்கும், சாட்டைப்புழுவையோ பத்தில் மூன்று பேருக்குத்தான் முழுமையாக நீக்கும். ஜியார்டியா போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளால் வரும் நாள்பட்ட வயிற்றுப்போக்குக்கு இந்த ஒருவேளை மாத்திரை போதாது. பூச்சி மருந்து கொடுத்தும் பிள்ளை தேறவில்லை என்று வரும் தாயிடம் மறுபடி அதே மாத்திரையை நீட்டுவதற்கு முன் மலத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

கொடுக்கும் முறையில் ஒரு விஷயத்தை நான் எந்தப் பணியாளருக்கும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன். சிறு குழந்தைக்கு முழு மாத்திரையை வாயில் திணிக்கக் கூடாது. மாத்திரை தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்த குழந்தைகள் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்துப் பொடியாக்கி, நீரில் கலந்து, பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் கொடுக்க வேண்டும். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊற்றுவது அறவே கூடாது. அழுகை அடங்கும் வரை காத்திருக்கலாம், அன்று முடியாவிட்டால் மறுநாள் கொடுக்கலாம். காய்ச்சலோ வேறு நோயோ உள்ள பிள்ளைக்கு, குணமான பிறகு கொடுத்தால் போதும். புழு அதிகமுள்ள பிள்ளைக்கு மாத்திரைக்குப் பிறகு வயிற்றுவலியும் குமட்டலும் வரலாம், மலத்தில் புழு வெளியேறலாம் என்பதையும் முன்பே சொல்ல வேண்டும். நீளமான புழு ஒன்று வெளியே வந்ததைப் பார்த்து மருந்து விஷமாகிவிட்டது என்று ஒரு தெரு முழுவதும் பதறியதைக் கண்டிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லப்பட்ட அடுத்த தெருவில் அதே காட்சி மருந்து வேலை செய்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

மருந்து குடலைச் சுத்தம் செய்கிறது. மண் அப்படியே இருக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சிகிச்சைக்கு 12 மாதங்களுக்குப் பிறகு உருண்டைப்புழுத் தொற்று முன்பிருந்த அளவில் 94 சதவீதத்துக்குத் திரும்பிவிடுவதாக 2012-இல் வெளியிட்டார்கள். சாட்டைப்புழு 82 சதவீதத்துக்கும், கொக்கிப்புழு 57 சதவீதத்துக்கும். களத்தில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் வியப்பைத் தராது. அதற்காக மாத்திரை வீண் என்று சொல்ல மாட்டேன். இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பிள்ளை இரத்தத்தை இழக்காமல் இருக்கிறது, வளர்கிறது, மண்ணில் விழும் முட்டைகளும் குறைகின்றன. அந்த மாதங்களுக்குள் மலம் மண்ணைச் சேராமல் தடுக்கும் வேலையை எவ்வளவு தூரம் நகர்த்தினோம் என்பதுதான் நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது.

கழிப்பறை கட்டுவது அந்த வேலையின் ஒரு பகுதிதான். ஒடிசாவில் 100 கிராமங்களில் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், கழிப்பறை கட்டும் திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. ஆனாலும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் புழுத் தொற்றும் குறையவில்லை. கட்டப்பட்டதற்கும் பயன்படுத்தப்பட்டதற்கும் இடையே இருந்த தூரம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நான் பார்த்தவரை அந்தத் தூரத்தில் கணிசமான பங்கு குழந்தைகளுடையது. மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து ஒரு கழிப்பறைக்குள் பாருங்கள். உள்ளே இருட்டு; தாழ்ப்பாள் எட்டாது; கால் வைக்கும் இடங்கள் பெரியவர்களின் அகலத்துக்குப் போடப்பட்டிருக்கும்; நடுவே உள்ள துளை பிள்ளையின் இடுப்பை விழுங்கும் அளவுக்கு இருக்கும்; கீழே ஆழம். விழுந்துவிடுவோம் என்று பிள்ளை பயப்படுவது முற்றிலும் நியாயமானது, தாயும் அதே பயத்தினால்தான் வெளியே போ என்கிறாள்.

இதற்குப் பெரிய செலவில்லாத வழிகள் இருக்கின்றன. துளையின்மேல் நடுவில் சிறு ஓட்டையுள்ள பலகையை வைத்து, பெரியவர் போகும்போது எடுத்துவிடலாம். கதவின் மேல்பகுதியிலோ கூரையோரத்திலோ வெளிச்சம் வர இடைவெளி விடலாம். பிடித்துக்கொள்ள உறுதியான ஒரு கழியைச் சுவரில் பதிக்கலாம். அதற்கும் சிறிய பிள்ளைக்கு அடிப்பகுதி அகன்ற ஒரு பழைய கிண்ணம் போதும். அதில் கொஞ்சம் சாம்பலைத் தூவி உட்கார வைத்துப் பழக்கினால் மலம் ஒட்டாமல் கழிப்பறையில் கொட்ட வசதியாக இருக்கும். மண்ணில் போய்விட்டால், அதற்கென்றே ஒதுக்கிய சிறு மண்வெட்டியால் அடிமண்ணோடு சேர்த்து வாரிக் கழிப்பறைக்குள் போட வேண்டும். மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் போதும் என்று நினைப்பது முட்டைக்குத் தேவையான ஈரத்தையும் நிழலையும் கொடுப்பதாக முடியும். கழிப்பறையே இல்லாத வீட்டில், பிள்ளைகள் விளையாடாத, நீர்நிலைக்கும் கிணற்றுக்கும் தொலைவான இடத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இடத்தை எல்லோருக்கும் தெரியும்படி அடையாளமிட்டு வைக்க வேண்டும். மலம்பட்ட துணியை அலசிய நீரும் மலத்துக்குச் சமம், அதையும் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும்.

கை கழுவுவதில், சாப்பிடும் முன் கழுவுங்கள் என்பதை எல்லோரும் சொல்கிறோம். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பின் கழுவுங்கள் என்பதை அந்த அளவுக்கு அழுத்திச் சொல்வதில்லை. அந்தக் கைதான் அடுத்த நிமிடம் அடுப்படிக்குப் போகிறது. சோப்பும் நீரும் கழிப்பறை வாசலிலேயே இருந்தால் கழுவுகிறார்கள், பத்தடி நடக்க வேண்டியிருந்தால் மறந்துபோகிறார்கள். இதில் அறிவுரையைவிட இடம்தான் வேலை செய்கிறது. காலால் மிதித்தால் சாய்ந்து நீர் ஊற்றும்படி கயிறு கட்டித் தொங்கவிட்ட சிறு நீர்க்கேன், பக்கத்தில் வலைப்பையில் சோப்பு, இரண்டும் இருந்தால் நான்கு வயதுப் பிள்ளை தானாகவே விளையாட்டாகக் கழுவப் பழகிவிடும். வாரம் ஒருமுறை நகம் வெட்டுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பச்சையாக உண்ணும் காய்களையும் பழங்களையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், இயன்றால் தோல்சீவ வேண்டும். முட்டை ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது, நீரில் முக்கியெடுத்தால் மட்டும் போய்விடாது.

மலக்குழி நிறைந்த பிறகு என்ன செய்வது என்று கட்டும்போது யாரும் பேசுவதில்லை. நிறைந்த குழியை உடனே அள்ளித் தோட்டத்தில் உரமாகப் போட்டால், அத்தனை ஆண்டுகள் மண்ணுக்குப் போகாமல் காத்த முட்டைகளை ஒரே நாளில் மண்ணில் கொட்டியதாகிவிடும். அதனால்தான் இரட்டைக்குழி முறையை வலியுறுத்துகிறேன். ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதற்கு மாற்றிக்கொண்டு, மூடிய குழியை வெப்பமான பகுதிகளில் ஓராண்டுக்கு மேலும் குளிரான பகுதிகளில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளும் தொடாமல் விட்டுவிட வேண்டும். தோண்டும் வேலை யார் தலையில் விழுகிறது, அவருக்குக் கையுறையும் காலணியும் இருக்கிறதா என்பதும் சுகாதாரப் பணியாளர் கேட்க வேண்டிய கேள்விகளே.

மக்களோடு பேசும் விதத்தைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. அருவருப்பைத் தூண்டியும் வெட்கப்படுத்தியும் நடத்தப்படும் கூட்டங்களில் கலந்துகொண்டிருக்கிறேன். அவற்றின் முடிவில் மிக ஏழையான, மிகுந்த வேலைச்சுமையுள்ள தாய்தான் தலைகுனிந்து நிற்கிறாள். நீர் எடுக்கவே அரை மணி நேரம் நடப்பவளிடம் சுத்தத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை வர வேண்டுமானால், முதலில் அந்த நீரைப் பற்றிப் பேச வேண்டும். நுண்ணோக்கியை ஊருக்கே கொண்டுபோய், பெயர் எதுவும் சொல்லாமல், ஒரு முட்டையை எல்லோரையும் வரிசையாகப் பார்க்கச் செய்வது பலமுறை நல்ல பலனைத் தந்தது. பார்த்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள், தம்பி தங்கையின் மலத்தை வாரிப் போடும் பொறுப்பும் பல வீடுகளில் அவர்களிடம்தான் இருக்கிறது. தொடக்கத்தில் என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பாட்டி, ஓர் இளம்புழு முட்டைக்குள்ளே நெளிவதைப் பார்த்த பிறகு வேறொன்றும் சொல்லவில்லை. இதை மருமகளுக்கும் காட்டு என்றார்.

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று சோர்ந்து கேட்கும் இளம் பணியாளர்களுக்குக் கொரியாவைச் சொல்வேன். தென்கொரியாவில் 1971-இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில் 84.3 சதவீதம் பேருக்குக் குடற்புழு இருந்தது. 1997-இல் அது 2.4 சதவீதமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மலப் பரிசோதனையும் சிகிச்சையும் பல ஆண்டுகள் விடாமல் நடந்தன. அதோடு மனித மலத்தை அப்படியே வயலுக்கு உரமாக்கும் வழக்கம் குறைந்தது, வீடுகளும் நீரும் கழிவு அகற்றலும் மேம்பட்டன. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1909-இல், கொக்கிப்புழுவை ஒழிக்க அமைக்கப்பட்ட ராக்ஃபெல்லர் ஆணையம் பணியைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்குக் கொக்கிப்புழு இருந்தது. 1914-இல் ஆணையத்தின் பணி முடிந்தபோதும் நோய் ஒழிந்துவிடவில்லை, மறுதொற்று இருந்துகொண்டேதான் இருந்தது. சில ஆண்டு மருந்துக்கும் ஒரு தலைமுறை உழைப்புக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் பார்க்கலாம். உலகில் இன்றும் ஏறத்தாழ 150 கோடிப் பேர் மண்வழிப் பரவும் புழுக்களோடு வாழ்கிறார்கள்.

பெற்றோர் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைமைகளையும் சொல்லிவிடுகிறேன். வயிறு உப்பி, விட்டுவிட்டுக் கடும் வலியோடு வாந்தியெடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் போனால், புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். அப்போது வீட்டில் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. வாந்தியில் புழு வருவது, மஞ்சள் காமாலையோடு மேல்வயிற்று வலி, மலத்தில் இரத்தம், சில அடி நடந்தாலே மூச்சு வாங்கும் அளவுக்கு வெளுப்பு ஆகியவையும் அப்படியே.

ஓர் ஊரில் நிலைமை உண்மையில் மாறுகிறதா என்று அறிய, மாத்திரை விழுங்கும் பள்ளிப் பிள்ளைகளின் தொற்றுக் கணக்கை மட்டும் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். அந்த எண் மருந்து வந்த மாதத்தில் குறையும், வராத ஆண்டில் கூடும். கழிப்பறைப் பழக்கம் மாறிய பிறகு பிறந்து, இன்னும் மருந்து எதுவும் எடுக்காத ஒன்றரை வயதுப் பிள்ளைகளின் மலத்தை, தாயின் சம்மதத்தோடு, ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் பரிசோதிக்கிறோம். முட்டை இருந்தால் அந்தக் குழந்தைக்கு அன்றே சிகிச்சை கிடைக்கிறது. பிறகு அந்த வீட்டைச் சுற்றியும் பக்கத்து வீடுகளிலும் பிள்ளைகளின் மலம் எங்கே போகிறது என்று தேடுகிறோம். கண்ணாடிச் சில்லைத் தயாரித்த ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பதை மட்டும் ஆய்வகத்தாரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தாமதமானால் கொக்கிப்புழு முட்டைகள் கரைந்துபோய், தொற்றுள்ள குழந்தைக்கும் தொற்றில்லை என்று எழுதிவிடுவார்கள்.